பூரணியும் காலந்தாண்டியும்

பூரணி கதை சொன்னால் அதில் யாராவது சாக வேண்டும். ஒருத்தனும் சாகாவிட்டால் கேட்கிற சனம் பாதியிலேயே முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடும். இலங்கை மலைநாட்டில் லிந்துலையிலிருந்து டயகம போகிற ரோட்டில், ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்து மேல்லயத்தின் ஒற்றையறை வீட்டு வரிசையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் அவள் காம்பிரா வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. ஆம்பிளைகள் சாக்கை மடித்துப் போட்டுக் குந்துவார்கள். பொம்பிளைகள் ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்த்தபடியே காதை மட்டும் பூரணியிடம் கொடுத்திருப்பார்கள். எத்தனை கதை சொன்னாலும் கதாநாயகன் ஒரே ஆள்தான். அவன் பெயர் காலந்தாண்டி.

அவனை அவள் பங்களாவிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஐம்பத்தொன்றாம் வருசம் அவளுக்கு வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவில் வேலை கிடைத்தது. சாயங்காலமானால் அறைக்கு அறை கணப்பு மூட்ட வேண்டும். அதுதான் வேலை. தொரையின் பிள்ளைகள் சீமையில் படித்தார்கள். லீவுக்கு வரும்போது கட்டுக் கட்டாகப் படப் புத்தகம் கொண்டுவந்து, படித்து முடித்ததும் கட்டிலடியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். "எல்லாத்தையும் அடுப்புல போடு புள்ள, நல்லாப் பத்தும்" என்று சமையல் பார்க்கிற குசினிக்காரர் அள்ளிக் கொடுத்தார். ஒன்றைக் கிழித்து நெருப்புக்குள் திணிக்கப் போன நேரத்தில் பூரணி அந்தப் படத்தைப் பார்த்தாள். சிவப்பு உடுப்புப் போட்ட ஒருவன், வெண்கலத் தொப்பி வைத்த பட்டாளத்துக்காரன் ஒருவனின் தாடையில் குத்துகிறான். மூன்று பல் பறக்கிறது. அடிபட்டவன் முகத்தில் இருந்த ஆச்சரியத்தைப் பார்த்ததும் பூரணிக்கு நெஞ்சுக்குள் என்னவோ இனித்தது. அவள் பிறந்ததிலிருந்து அடி வாங்கிய முகங்களை நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் பட்டாளத்துக்காரன் அடி வாங்கிப் பார்த்ததில்லை. புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டாள். அன்றைக்குக் கணப்பு விறகில் மட்டும்தான் எரிந்தது.

அவளுக்கு இங்கிலீசு தெரியாது. தமிழும் எழுத்துக்கூட்டித்தான். படத்தில் இருந்தவர்களின் வாயிலிருந்து முட்டை முட்டையாகப் பேச்சு வந்தது. அந்த முட்டைக்குள் என்ன இருந்தாலென்ன, படம் போதும் அவளுக்கு. அந்தச் சிவப்புக்காரனின் இடுப்பில் ஒரு பித்தளைச் சக்கரம். அதைத் திருகினால் வேறொரு காலத்துக்குப் போய்விடுவான். ஒரு பக்கத்தில், தேயிலை அரைக்கிற இஸ்டோர் உயரத்துக்கு நிற்கிற பல்லியோடு மல்லுக்கு நின்றான். இன்னொரு பக்கத்தில், இன்னும் வராத ஏதோ ஒரு காலத்தில், இரும்பு மனிதர்களின் கழுத்தைத் திருகினான். பேர் தெரியாததால் அவளே வைத்தாள். பழனியாண்டி, சுப்பாண்டி என்று தோட்டத்தில் இருக்கிற மாதிரி, காலத்தைத் தாண்டுகிறவன் காலந்தாண்டி.

மாவைக் காய்ச்சிப் பசை செய்து பக்கங்களைக் காம்பிராச் சுவரில் ஒட்டினாள். பனிக் காற்று உள்ளே வராமல் இருக்கவும் அது உதவியது. முன்னே பின்னே மாற்றி ஒட்டியதால், ஒரு மூலையில் ஈட்டி பாய்ந்து கிடக்கிறவன் அடுத்த மூலையில் எழுந்து நின்று நாலு பேரை அடித்தான். பக்கத்துக் காம்பிரா அம்மாக்கண்ணு வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி இவன், கோவணத்த வெளியில கட்டியிருக்கான்?"

"அவசரத்துல வந்திருப்பான். எத்தனை காலத்துக்கு ஓடணும் அவன்!" என்றாள் பூரணி.

அப்படித்தான் கதை தொடங்கியது. பூரணியின் புருசன் கந்தப்பன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அந்த மலையில் அவனைப் போல ஒரே வெட்டில் தேயிலை வாதைச் சரிக்க ஆள் கிடையாது. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் அவன்தான். கதையைக் கேட்டுக்கொண்டே கத்தியைத் தீட்டுவான். ஒருநாள் தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"இவன் எந்தக் காலத்துக்கு வேணும்னாலும் போவானா?"

"போவான்ங்க."

"அப்ப நாப்பத்தெட்டுக்குப் போகச் சொல்லு. நம்ம பிரஜாவுரிமையப் பறிச்சாங்கள்ல, அந்தச் சட்டத்தக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு வரட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். கந்தப்பன் சிரிக்கவில்லை.

தோட்டத்தின் பெரிய கங்காணி பழனியாண்டி. தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் கையில் பிரம்புமாக, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நிற்பார். தொரை ஒரு வார்த்தை சொன்னால் இவர் ஒன்பது அடி போடுவார். ஐம்பத்தாறில் ஒரு காலை, கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் பிந்தி வந்த அம்மாக்கண்ணுவை வரிசைக்கு வெளியே இழுத்து, காதோடு சேர்த்து அறைந்தார். அவள் குப்புற விழுந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. அப்படியும் அடங்காமல் பிரம்பை ஓங்கினார். ஓங்கிய பிரம்பு இறங்கவில்லை. பின்னாலிருந்து கந்தப்பன் அதைப் பிடித்திருந்தான்.

"கங்காணியாரே, அது பொம்பிள."

"கைய எடுடா நாயே."

கந்தப்பன் பிரம்பைப் பிடுங்கித் தொடையில் வைத்து முறித்துக் காலடியில் போட்டான். களம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. எவனோ ஒருவன் சீட்டி அடித்தான். பழனியாண்டியின் முகம் கறுத்துப்போனது.

மறுநாளே கந்தப்பனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். காம்பிராவைக் காலி பண்ணவும் உத்தரவு. பங்களாவில் பூரணிக்கும் சீட்டுக் கிழிந்தது. சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. கொழுந்து முற்றி மலை கரும்பச்சையாகப் போனது. இஸ்டோரில் சத்தம் இல்லை.

வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போன ஒரு நாள், லிந்துலையில் சங்கக் கூட்டம். ஆம்பிளைகள் எல்லாரும் கிளம்பினார்கள். கந்தப்பனின் தம்பி சின்னராசாவும் போனான். கந்தப்பன் போகவில்லை. காம்பிராவை விட்டு இறங்கினால் சாமானை வெளியே எறிந்து பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

"நீ போ தம்பி, போய் நம்ம பேச்சப் பேசு. நான் கதவுக்குக் காவலா இருக்கேன்" என்று தம்பியை அனுப்பினான்.

மத்தியானம் லொறி வந்தது. வெளியிலிருந்து கூட்டி வந்த ஆட்கள், கையில் பொல்லும் கத்தியும். முன்னால் பழனியாண்டி. லயத்துக் கோடியிலிருந்தே தொடங்கினார்கள். கதவுகளை உதைத்தார்கள். சட்டி பானையை மண்ணில் அடித்து உடைத்தார்கள். தடுத்த பொம்பிளைகளின் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார்கள். பிள்ளைகள் தேயிலைக்குள் ஓடின. நடக்க முடியாத ஒரு தாத்தாவின் முழங்காலில் பொல்லு இறங்கிய சத்தம் மேல்லயம் முழுக்கக் கேட்டது.

கந்தப்பன் வெறுங்கையோடு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் இறங்கி நின்றான். கத்தி உள்ளேதான் இருந்தது. எடுத்தால் அதையே சாக்காகச் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"என்கிட்டத்தான் ஒங்களுக்குப் பேச்சு. அவங்கள விடுங்க" என்றான்.

முதல் பொல்லு தோளில் விழுந்தது. இரண்டாவது வாயில். பல் உடைந்து ரத்தத்தோடு உதட்டில் ஒட்டியது. அப்போதும் அவன் விழவில்லை. அடித்தவனின் பொல்லைப் பிடுங்கி அவன் விலாவில் ஒன்று வைத்தான், அவன் மடங்கி விழுந்தான். இன்னொருவனைத் தூக்கி, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் எறிந்தான். அந்தக் கணத்தில் பூரணிக்கு அவன் ஜெயித்துவிடுவான் என்றே தோன்றியது. பக்கவாட்டில் வந்த பழனியாண்டி கத்தியைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறக்கினார். கந்தப்பன் திரும்பி அவரைப் பார்த்தான். என்னவோ கேட்கப் போகிறவன் மாதிரி வாயைத் திறந்தான். ரத்தம்தான் வந்தது. இன்னொரு வெட்டு விழுந்தது.

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பூரணி சட்டியைச் சேலைத் தலைப்பால்கூடப் பிடிக்கவில்லை. வெறுங்கையால் தூக்கிவந்து பழனியாண்டியின் முகத்தில் வீசினாள். அவர் அலறிய அலறலில் லயத்துக் கோழிகள் பறந்தன. கத்தி கீழே விழுந்தது. அவள் அடுப்பு ஊதுகிற இரும்புக் குழலை எடுத்து, முகத்தைப் பொத்தியிருந்த கையின் மேலேயே அடித்தாள். விரல்கள் முறிகிற சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தாள். அம்மாக்கண்ணு அறை வாங்கிய காதோடு அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே லயத்துப் பொம்பிளைகள் கல்லும் விறகுமாக வந்தார்கள். கூலிக்கு வந்தவர்களுக்கு அதற்கு மேல் நிற்க மனமில்லை. கங்காணியை இழுத்து லொறியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

கந்தப்பன் அவள் மடியில் கிடந்தான். வெட்டு வாயைக் கையால் பொத்தினாள். சட்டிச் சூட்டில் வெந்த கை அது. அவளுக்கு எரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் அடங்கிவிட்டான்.

பொலிஸ் வந்து முதலில் கைது செய்தது பூரணியைத்தான். கங்காணி கோர்ட்டில் சொன்னார்: தலைவன் கத்தியோடு பாய்ந்தான், உயிருக்குப் பயந்து வெட்டினேன். கத்தி காம்பிராவுக்குள் இருந்ததே என்று அம்மாக்கண்ணு சாட்சி சொன்னாள். அடிபட்ட காதில் வக்கீல் கேட்ட கேள்வி சரியாக விழவில்லை. ஒன்று கேட்க ஒன்று சொன்னாள். கோர்ட்டில் சிரித்தார்கள். கங்காணி வெளியே வந்தார். பூரணி உள்ளே போனாள்.

ஜெயிலிலிருந்து அவள் திரும்பியபோது தோட்டம் மாறியிருந்தது. தொரை கப்பலேறிப் போய்விட்டார். புதிதாக வந்த சிங்களத் தொரைக்குக் கங்காணி தேவைப்படவில்லை. பழனியாண்டியின் ஒரு கண் அவிந்திருந்தது. முகத்தில் ஒரு பாதி தோல் சுருண்டு, வலது கை விரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன. பெண்டாட்டி பிள்ளைகள் வட்டகொடைப் பக்கம் போய்விட்டார்கள். அவர் மட்டும் கீழ்லயத்துக் கோடியில் ஒரு காம்பிராவில் கிடந்தார். அவருக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

சங்கம் பேசியதில் பூரணிக்குக் காம்பிரா திரும்பக் கிடைத்தது; அவள் கொழுந்து பறிக்கப் போனாள். கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமையிலும் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கண்ணு வந்து, "ஒன் காலந்தாண்டி எங்கதாண்டி போனான்?" என்று கேட்டாள்.

பூரணி கதவை அகலத் திறந்துவிட்டு, "வந்துக்கிட்டு இருக்கான். அந்த மத்தியானத்துக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கான்" என்றாள்.

அன்றைக்கு அவள் சொன்ன கதையை லயம் மறக்கவே இல்லை. லொறி வருகிறது. கதவுகள் உடைகின்றன. கத்தி ஓங்கிய கணத்தில், பித்தளைச் சக்கரம் சுழல, காலந்தாண்டி இஸ்தோப்பில் குதிக்கிறான். கங்காணியின் கையைத் தோளோடு பிடுங்குகிறான். அந்தக் கையாலேயே அவரை அடிக்கிறான். கேட்ட சனம் கத்தியது. ஒரு கிழவர் எழுந்து நின்று, "இன்னொன்னு குடு! என் முழங்காலுக்கு ஒன்னு குடு!" என்று கூவினார். பூரணி கொடுத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அடி கொடுத்தாள்.

அதன் பிறகு வாராவாரம் கங்காணி செத்தார். ஒரு வாரம் காலந்தாண்டி அவரை இஸ்டோர் அடுப்பில் வைத்து வறுத்தான். ஒரு வாரம் ஊசிப்பாறை உச்சியிலிருந்து எறிந்தான். ஒரு வாரம் அந்தப் பெரிய பல்லியின் காலத்துக்கு இழுத்துப் போய் அதன் வாயில் போட்டான். உண்மையான பழனியாண்டி கீழ்லயத்தில் தன் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். மேலே எழும்புகிற கூச்சலும் சிரிப்பும் அவருக்குக் கேட்கும். சில வாரம் அவர் மெதுவாக ஏறி வந்து, கொய்யா மரத்தடியில் நின்று கேட்டுவிட்டுப் போனார். பூரணி பார்த்தாள். பார்த்ததும் குரலை உயர்த்தினாள்.

சின்னராசா எப்போதும் முன்வரிசையில் இருப்பான். மற்றவர்கள் சிரிக்கும்போது அவன் சிரிக்க மாட்டான். கந்தப்பன் செத்த அன்று தான் லிந்துலையில் கைதட்டிக்கொண்டு நின்றதை அவனால் விழுங்க முடியவில்லை. கசிப்பு குடிக்கப் பழகியிருந்தான். அறுபத்திரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதை நடுவில் எழுந்தான்.

"அண்ணி, அவன் எப்பவும் சக்கரத்தத் திருகித்தான் வரணுமா? இங்க இருக்கிறவன் எவனும் ஆம்பிள இல்லையா?"

போதையில் பேசுகிறான் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவன் தன் காம்பிராவுக்குள் போய் வெளியே வந்ததைப் பூரணி மட்டும் பார்த்தாள். கையில் கவ்வாத்துக் கத்தி. கதையை அப்படியே விட்டுவிட்டு அவள் ஓடினாள்.

அவள் கீழ்லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வெட்டு விழுந்திருந்தது. பழனியாண்டி தோளில் ரத்தம் கொப்பளிக்கச் சுவரில் சாய்ந்து கிடந்தார். ஓடவுமில்லை, கையைத் தூக்கவுமில்லை. சின்னராசா இரண்டாவது வெட்டுக்கு ஓங்கியிருந்தான். பூரணி பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்த்தாள். இருவரும் மண்ணில் புரண்டார்கள். அவன் முழங்கை அவள் வாயில் பட்டு உதடு கிழிந்தது. அவள் கத்தியைப் பிடித்தாள், கூர்ப் பக்கமாகவே பிடித்தாள். உள்ளங்கை பிளந்தது. அப்படியும் விடவில்லை. அவன் மணிக்கட்டைக் கடித்தாள். கத்தி விழுந்தது.

"விடுங்க அண்ணி! வாராவாரம் நீங்கதானே இவன வெட்டுறீங்க! நான் வெட்டுனா மட்டும் என்ன?"

"நான் கதையில கொன்னா என்னையத் தூக்குல போட மாட்டாங்கடா! இவன் செத்தா சாவட்டும், பாடையில போவட்டும். அதுக்கு நீ கயித்துல தொங்கணுமா? ஒங்க அண்ணன ஒருக்காத் தூக்கிட்டேன். இன்னொரு பொணத்த என்னால தூக்க முடியாது!"

சின்னராசா மண்ணில் முகத்தை வைத்து மாடு மாதிரிக் கதறினான். சுவரோரம் கிடந்த பழனியாண்டி மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"விடு புள்ள. வெட்டட்டும். மேல இருந்து வாராவாரம் கேக்குறதுக்கு இது தேவல."

பூரணி எழுந்து அவரைப் பார்த்தாள். "ஒனக்கு எது தேவலன்னு கேக்குறதுக்கு நான் ஓடி வரல" என்றாள். பிறகு தன் இடுப்பில் சுற்றியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து அவர் தோளில் இறுக்கிக் கட்டினாள். அவள் கை ரத்தமும் அவர் ரத்தமும் சாக்கில் ஒன்றாக ஊறியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் முடிச்சைத் தளர்த்தவில்லை.

தோட்டத்து மருந்துக்காரர் தைத்தார். பொலிஸ் வந்து கேட்டது. பழனியாண்டி ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்தபடி, "கவ்வாத்து மலையில சறுக்கிக் கட்டையில விழுந்துட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மலையில் என்ன வேலை என்று கேட்டதற்கு, விழுந்ததையே திரும்பவும் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார் என்று லயத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். பூரணி அவரை மன்னிக்கவில்லை. பீலியில் அவரைக் கண்டால் மற்றவர்களைப் போலவே நகர்ந்து போனாள்.

அடுத்த ஞாயிறு சனம் வந்தது. கையில் கட்டோடு பூரணி உட்கார்ந்தாள். "இன்னைக்குக் கங்காணிய என்ன செய்யுறான்?" என்று ஒருவர் ஆரம்பித்துவைத்தார்.

"அவன் கங்காணிகிட்டப் போகவே இல்ல" என்றாள். "லொறி வர்றதுக்கு முந்தியே வந்துட்டான். நேரா எங்க வாசல்ல வந்து நின்னு, 'கந்தப்பா, கத்திய எடுத்துக்க, வேல இருக்கு'ன்னு கூப்பிட்டான்."

"அடி இல்லையா?" என்றாள் அம்மாக்கண்ணு ஏமாற்றத்தோடு.

"இருடி. அடி இனிமேத்தான்."

வெண்கலத் தொப்பிக்காரர்கள் நடுவில் கந்தப்பன் குதித்தான். தேயிலை வாதைச் சரிப்பது மாதிரி ஈட்டிகளை ஒரே வெட்டில் சரித்தான். பல்லியின் வாலில் ஏறி முதுகு வழியே ஓடினான். இரும்பு மனிதர்களின் கழுத்தில் கத்தி பட்டுப் பொறி பறந்தது. காலந்தாண்டி அடி வாங்கி விழுகிற இடத்திலெல்லாம் கந்தப்பன் முன்னால் நின்றான். சனம் ஆரவாரம் செய்தது. சின்னராசா முதல் தடவையாகச் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவன் குடியை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. ஆனால் குறைத்தான். கல்யாணம் முடித்து அவளுக்கு மறுபக்கத்துக் காம்பிராவுக்கே வந்தான். சங்கம் பூரணியை மேல்லயத்துப் பொம்பிளைகளுக்குத் தலைவியாக ஆக்கியது. புதுத் தொரைக்காக மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஒருவன் ஒரு பெண்ணின் கூடையை எட்டி உதைத்தபோது, உள்ளங்கைத் தழும்போடு போய் அவன் சட்டையைப் பிடித்தவள் அவள்தான். அதற்குப் பிறகு அந்த மலையில் எவனும் கூடையை உதைக்கவில்லை.

பழனியாண்டி அறுபத்தைந்தில் மழைக்காலத்தில் செத்தார். தகவல் போயும் வட்டகொடையிலிருந்து யாரும் வரவில்லை. சாவு வீட்டுத் தப்பு மேளம் அடிக்க ஆள் கிடைக்காமல், மருந்துக்காரரும் தோட்டத்துக் காவல்காரரும் சேர்ந்து எடுத்துப் போனார்கள். மலையில் நின்ற பொம்பிளைகள் கீழே போகிற பாடையைப் பார்த்தார்கள். "நீ போகலையா?" என்று அம்மாக்கண்ணு கேட்டாள்.

"நான் எதுக்குப் போகணும்?" என்றாள் பூரணி. மழை வலுத்தது. கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு அடுத்த நிரைக்கு ஏறினாள்.